அடிக்குரலின் சுமை



மாளிகையொன்றைக் கண்டு வியப்போர் அதன் மாடத்தை வியப்பர். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் கடைக்காலை நினைப்போர் அரியர். இசையிலும் இதுவே நிலை. பாடுபவரின் குரலைப் புகழ்கின்றோம். வயலினையும் புல்லாங்குழலையும் பாராட்டுகின்றோம். இவற்றுக்கெல்லாம் அடியில் நின்று தாங்குகின்ற தாழ்ந்த ஒலியையோ, அது நின்றுபோன பின்னரே, 'ஏதோ குறைகின்றதே' என்று தேடுகின்றோம். அத்தகைய ஒலியைத் தருகின்ற பாஸ் கிட்டாரைப் பற்றியும், அதனை மேடையில் முழங்கச் செய்யும் ஆம்ப்ளிபயர் பெட்டியைப் பற்றியும், அப்பெட்டியின் பொருட்டு நம் பங்கில் எழுந்த வழக்கொன்றைப் பற்றியும் இத்திங்கள் எழுத விழைகின்றோம்.

மின்கருவிகளைக் குறித்துப் பங்குக்குரு எழுதுவானேன் எனச் சிலர் கேட்கக்கூடும். பெட்டி ஒன்று பழுதானதோடு காரியம் முடிந்திருந்தால் நாமும் எழுதியிரோம். ஓர் இளைஞனின் பிழைப்பும், மற்றோர் இளைஞனின் நற்பெயரும், ஓர் ஏழைத் தாயின் காதிலிருந்த தோடும் அதிற் சிக்கிக்கொண்டன. அன்றியும், திருவிழாக் காலங்களில் ஊருக்கு ஊர் இன்னிசைக் குழுக்கள் பெருகிவரும் இந்நாளில், இதே இடர் வேறு பங்குகளிலும் நேர வழியுண்டு. ஆதலின் நாம் கேட்டும் கற்றும் அறிந்ததைப் பகிர்வது நலம் எனத் தோன்றியது.

தாழ்ந்த ஒலிக்குப் பெரிய உடல்

நாம் குருமடத்தில் பயின்ற நாளில் நாற்குரற் பாடல்கள் பயிற்றுவிக்கப்பட்டன. நமது குரல் கட்டைக் குரல். ஆகவே பாஸ் வரிசையில் நிறுத்தப்பட்டோம். அவ்வரிசையினருக்குக் கேட்போர் மனத்தில் நிற்கும் மெட்டு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. மேல்வரிசையினர் குயில்போல் ஏறி இறங்குகையில், நாம் ஒரே சுரத்தில் நான்கு மாத்திரை நிற்க வேண்டும். சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை காய்ச்சல் பரவிப் பாஸ் வரிசையினர் பெரும்பாலோர் படுக்கையில் கிடக்க, ஏனையோர் பாடத் தொடங்கினர். இரண்டாம் சரணம் முடியுமுன்னே குழு முழுவதும் சுருதியினின்று வழுவி இறங்கிவிட்டது. அடிக்குரல் அழகுக்கு மட்டும் அன்று, ஏனைய குரல்கள் ஊன்றி நிற்பதற்கும் உரியது என்பது அன்று விளங்கிற்று.

இவ்வடிக்குரலுக்கு இயற்கை ஒரு சட்டம் வகுத்திருக்கின்றது. ஒலி தாழத் தாழ, அதனைப் பிறப்பிக்கும் கருவியின் உடல் பெருக்க வேண்டும். நாதசுரத்தில் திமிரி என்பது குட்டையானது. அதன் சுருதி உயர்ந்தது. பாரி நாயனம் நெடியது. அதன் சுருதி தாழ்ந்தது. பேராலயங்களின் பைப் ஆர்கனில் 8 அடி நீளமுள்ள திறந்த குழல் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளைத் தரும். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே இறங்க 16 அடிக் குழல் வேண்டும். மிருதங்க வித்துவான்களைப் பாருங்கள். கச்சேரிக்குச் சற்று முன்னர் இடப்புறத் தோலின் நடுவில் ரவையை நீரிற் பிசைந்து அப்புவர். தோலின் கனம் கூடும், ஒலி தாழும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவர். ஆக, கனமோ நீளமோ ஏதேனும் ஒன்று கூடாமல் அடிக்குரல் பிறப்பதில்லை.

கிட்டாருக்கும் இச்சட்டம் பொருந்தும். சாதாரணக் கிட்டாரின் ஆறு தந்திகளுள் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கின்றது. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தியோ ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. சரியாக ஒரு ஸ்தாயி கீழே என்பது இதன் பொருள். அதற்கேற்பத் தந்திகளும் தடித்தவை. அதிரும் நீளமும் பெரும்பாலும் 34 அங்குலம். மின்கிட்டாருக்கு இந்நீளம் 25 அங்குலத்தை ஒட்டியதேயாம்.

மேலைநாடுகளில் முன்பு இப்பணியைச் செய்தது ஆளுயரத்திற்கும் மேற்பட்ட டபிள் பாஸ் என்னும் மரக்கருவி. அதனைச் சுமந்து செல்வதும் கடினம்; பறைகளும் ஊதுகருவிகளும் முழங்கும் கூடத்தில் அதன் ஒலி கேட்பதும் கடினம். 1930-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பார் கைக்கடக்கமான மின் பாஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பாஸ்' என்னும் கருவியை வெளியிட்டார். அதுவே உலகெங்கும் பரவியது. அவர் அத்துடன் நில்லாது, மறு ஆண்டே அக்கருவிக்கென 'பாஸ்மேன்' என்னும் தனி ஆம்ப்ளிபயரையும் விற்பனைக்குக் கொணர்ந்தார் என்பது கருதத்தக்கது. கருவி பாதி, பெட்டி பாதி என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் போலும்.

நம் தமிழகத்திலும் இக்கருவி திரையிசை வழியே செவிகளிற் பழகிற்று. 1976-இல் 'அன்னக்கிளி' வாயிலாக அறிமுகமான இளையராஜா, பாஸ் கிட்டாரைத் தாளத்திற்குக் காவலாக மட்டும் நிறுத்தாமல், பாடலின் அடியில் தனியே நடந்து செல்லும் இன்னிசையாகவும் அமைத்தார் என்பதை ஊன்றிக் கேட்போர் அறிவர். பின்னர் ஏ. ஆர். ரகுமானின் பாடல்களில் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸின் பாஸ் ஒலித்தது. மும்பையைச் சேர்ந்த மோகினி டே என்னும் பெண்மணி இளம் பருவத்திலேயே ரகுமானுடன் மேடையேறி இக்கருவியை வாசித்துப் புகழ் பெற்றார். இவற்றைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் தாங்களும் வாசிக்க ஆசை கொள்வதில் வியப்பில்லை.

திருவிழா மேடையில் நேர்ந்தது

நம் பங்கு தருமபுரி மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர்கள் சிலவற்றை உள்ளடக்கியது. கேழ்வரகும் தக்காளியும் புளியுமே மக்களுக்குப் பிழைப்பு. பிள்ளைகளுள் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்கின்றனர். அவ்வாறு சென்ற ஓர் இளைஞன், ஈராண்டுகளுக்கு முன், தன் மிகைநேர ஊதியத்தைச் சேர்த்துப் பெங்களூரில் பழைய பாஸ் கிட்டார் ஒன்றை வாங்கி வந்தான். அவன் தந்தை பாலக்கோடு தக்காளி மண்டியில் சுமை தூக்குபவர். மகன் வாரந்தோறும் சனிக்கிழமை இரவு பேருந்தில் வந்து, ஞாயிறு முழுவதும் பாடற்குழுவோடு பயின்று, மீண்டும் வேலைக்குத் திரும்புவான்.

கிட்டார் இருந்தது, ஆம்ப்ளிபயர் இல்லை. பக்கத்துத் தெருவில், திருமண வரவேற்புகளில் கிட்டார் வாசித்துக் குடும்பத்தைக் காக்கும் இளைஞர் ஒருவர் உண்டு. அவரிடம் ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய, முதுகுப்புறம் திறந்த, 30 வாட் கிட்டார் ஆம்ப்ளிபயர் இருந்தது. "அண்ணே, ஒரு ராத்திரிக்கு மட்டும் கொடுங்க" என்று இவன் கேட்க, அவரும் மனமுவந்து தந்தார்.

தேர்பவனிக்கு முந்திய நாள் மாலை இன்னிசை நிகழ்ச்சி. அறையிற் பயின்றபோது நன்கு ஒலித்த பாஸ், திறந்தவெளிப் பந்தலில், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன், யாருக்கும் கேட்கவில்லை. முன்வரிசையிலிருந்த நமக்கும் கேட்கவில்லை. குழுவினர் சைகை காட்ட, அவன் ஒலியைக் கூட்டினான். மேலும் கூட்டினான். மூன்றாம் பாடலின்போது நெல் புடைப்பது போன்ற ஓர் ஓசை எழுந்தது. நான்காம் பாடலில் கரிந்த வாடை வந்தது. பின்னர் பெட்டி மௌனமாயிற்று. பாஸ் இல்லாமலேயே நிகழ்ச்சி முடிந்தது.

வழக்கு மறுநாள் தொடங்கியது. பெட்டியின் உரிமையாளருக்கு அடுத்த வாரமே இரண்டு திருமண வரவேற்புகள் இருந்தன. "பத்து வருஷமா பத்திரமா வச்சிருந்தேன் சாமி, ஒரே ராத்திரியில அடிச்சு ஒடச்சுட்டான்" என்று அவர் குமுறினார். அவர் துயரம் நியாயமானதே. ஊராருள் சிலர் ஜெனரேட்டரின் மின்னழுத்தத்தைக் குறைகூறினர். வேறு சிலர், 'கீபோர்டு இருக்கப் பாஸ் எதற்கு? விளையாட்டுப் பிள்ளையின் ஆடம்பரம்' என்றனர். இளைஞன் வாய் திறக்கவில்லை. அன்று மாலை அவன் தந்தை பங்கு இல்லத்திற்கு வந்து, துணியில் முடிந்திருந்த தம் மனைவியின் தோட்டை மேசைமீது வைத்து, "இத அடகு வச்சுக் கொடுத்துடறேன் சாமி, பையன் பேரு கெடக்கூடாது" என்றார்.

தோட்டை அவரிடமே திருப்பித் தந்தோம். பழுது இன்னதென்று அறியுமுன் பழி இன்னாருடையது என்று முடிவு செய்தல் முறையன்று எனக் கூறி, உரிமையாளரையும் இளைஞனையும் அழைத்துக்கொண்டு, பெட்டியோடு தருமபுரி நகருக்குச் சென்றோம். அங்கே நெடுங்காலமாக ரேடியோவும் ஸ்பீக்கரும் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கின்றார். யாவரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பர்.

பாய் சொன்ன தீர்ப்பு

பாய் ஸ்பீக்கரைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்தார். கூம்பு வடிவத் தாளின் விளிம்பு ஒருபுறம் கிழிந்திருந்தது; நடுவிலிருந்த கம்பிச்சுருள், அதாவது காயில், கருகியிருந்தது. "கரண்டு மேல குத்தமில்ல சாமி, கரண்டு ஏறியிருந்தா உள்ள பார்ட்டு போயிருக்கும். அதெல்லாம் நல்லா இருக்கு. தம்பி மேலயும் குத்தமில்ல. இந்தச் ஸ்பீக்கரு தூக்கவே முடியாத சுமைய இது தலையில ஏத்திட்டாங்க" என்றார். பின்னர் அவர் விளக்கியவற்றோடு, நாம் நூல்களிற் படித்தறிந்ததையும் சேர்த்து ஈண்டு தருகின்றோம்.

முதலாவது, தாளின் அசைவு. ஸ்பீக்கரின் கூம்புத்தாள் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுவதாலேயே ஒலி பிறக்கின்றது. ஒரே அளவு சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமாயின், அத்தாள் இரு மடங்கன்று, நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரின் தாள் இலேசானது. சிறிது தூரமே அசையத்தக்கதாய் அமைந்தது. பாஸ் ஸ்பீக்கரின் தாளோ கனமானது. அதன் காயில் நெடுந்தூரம் சென்று மீளத்தக்கது. முன்னதைப் பின்னதன் வேலைக்கு அமர்த்தினால், தாள் தன் எல்லையில் மோதுகின்றது. மோதி மோதிக் கிழிகின்றது. நாம் கேட்ட நெல் புடைக்கும் ஓசை அதுவே.

இரண்டாவது, திறந்த முதுகு. தாள் முன்னே காற்றைத் தள்ளும்போது பின்னே காற்றை இழுக்கின்றது. நொடிக்கு 41 அதிர்வுள்ள ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 8 மீட்டர் நீளமுடையது. இத்துணை நீண்ட அலைக்கு ஒரு சிறு பெட்டி தடையே அன்று. பின்புறத்து ஒலி பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்புறம் வந்து, எதிரெதிராய் நின்று, அடிக்குரலைப் பெருமளவு அழித்துவிடுகின்றது. வாசிப்பவன் எவ்வளவு கூட்டினாலும் அவையோர்க்கு எட்டாதது இதனாலேயே.

மூன்றாவது, நம் செவியின் இயல்பு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் வெளியிட்ட ஆய்வு, மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே உணர்கின்றது எனக் காட்டிற்று. இடைத்தர ஒலிக்குச் சமமாக அடிக்குரல் கேட்க வேண்டுமாயின் அதற்குப் பன்மடங்கு ஆற்றல் ஊட்ட வேண்டும். மேலும், கேட்கும் சத்தம் இரட்டிப்பாக ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. 30 வாட் என்பது 300 வாட் ஆக வேண்டும் என்று பொருள். மேடைக் கிட்டாருக்குப் பெரும்பாலும் 30 வாட் போதும். பாஸுக்கு அது போதாது. போதாத பெட்டியை முழுவதும் திருகிவைத்தால், அது நெளிந்த ஒலியலையை ஸ்பீக்கருக்கு அனுப்புகின்றது, வெப்பம் மிகுகின்றது, காயில் கருகுகின்றது.

"அப்படியானால் அறையில் பயின்றபோது நன்றாகக் கேட்டதே, எவ்வாறு?" என்று வினவினோம். அதற்கும் விடை உண்டு. ஒவ்வொரு தந்தியொலியிலும் அடிப்படை அதிர்வோடு, அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் கலந்தே பிறக்கின்றன. சிறு பெட்டி அடிப்படையை விட்டுவிட்டு மேலுள்ளவற்றை மட்டும் ஒலித்தாலும், மனிதச் செவி விடுபட்டதைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். கையடக்க டிரான்சிஸ்டரிலும் பாஸ் இருப்பதாக நாம் உணர்வது இவ்வாறே. அமைதியான அறையில் செவி இவ்வுதவியைச் செய்கின்றது. டிரம்ஸ் முழங்கும் மேடையில் மேலுள்ளவையும் மூழ்கிப்போவதால் செவிக்கு ஊகிக்கவும் வழியில்லை.

பெரிய பாத்திரமும் சிறிய பாத்திரமும்

இதனினும் சுவையான செய்தியொன்று உண்டு. கிட்டாரைப் பாஸ் ஆம்ப்ளிபயரில் வாசித்தால் கெடுதல் யாதுமில்லை. ஒலி சற்று மந்தமாயிருக்கலாம், அவ்வளவே. 1952-இல் பாஸுக்கெனப் பிறந்த அந்தப் 'பாஸ்மேன்' பெட்டியையே, 1950-களின் பிற்பகுதியில் அது நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுடன் வந்தபோது, கிட்டார் வாசிப்போர் விரும்பி எடுத்துக்கொண்டனர். 1962-இல் இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷலும் அவர் கூட்டாளிகளும் அதனை முன்மாதிரியாகக் கொண்டே தங்கள் முதல் ஆம்ப்ளிபயரைச் செய்தனர். பின்னாளில் ராக் இசை மேடைகளை நிரப்பிய கிட்டார் பெட்டிகளின் மூதாதை, உண்மையில் ஒரு பாஸ் பெட்டியே!

பெரிய அண்டாவில் கால் படி அரிசியும் வடிக்கலாம். சிறு சட்டியில் ஊருக்கே வடிக்க இயலாது. சுமையைத் தாங்க வல்லது இலேசானதையும் தாங்கும்; இலேசானதற்கென அமைந்தது சுமையைத் தாங்காது. இதனை மேலைநாட்டு இளைஞர்களும் பட்டே அறிந்தனர். 1960-களின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் குழுவினர் லிவர்பூலில் வாசித்துவந்தபோது, பால் மெக்கார்ட்னியின் பாஸுக்காக ஏட்ரியன் பார்பர் என்னும் மற்றோர் இசைஞர் 15 அங்குல ஸ்பீக்கர் பொருத்திய பெரும்பெட்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். அதன் உருவத்தைக் கண்டு அதனைச் 'சவப்பெட்டி' என்றே அழைத்தனராம். 1969-இல் ஆம்பெக் நிறுவனம் பெரிய மேடைகளுக்கென வெளியிட்ட பாஸ் ஆம்ப்ளிபயரின் ஆற்றல் 300 வாட்.

வேண்டுமென்றே கரகரத்த ஒலியை நாடிப் பாஸைக் கிட்டார் ஆம்ப்ளிபயரில் செலுத்தும் கலைஞர்களும் உளர். ஆயினும் அவர்களுள் அறிந்தோர், ஒலியை இரண்டாகப் பிரித்து, அடிப்பகுதியைப் பாஸ் பெட்டிக்கும் மேற்பகுதியை மட்டும் கிட்டார் பெட்டிக்கும் அனுப்புவர். சுமையைப் பகிர்ந்தே சுவையைப் பெறுகின்றனர்.

வழக்கு தீர்ந்த விதம்

பாயின் கடையிலேயே வழக்கு பாதி தீர்ந்துவிட்டது. 'அடித்து உடைத்தான்' என்ற சொல்லை உரிமையாளர் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார். "எனக்கும் தெரியாமத்தான் சாமி கொடுத்தேன்" என்றார். ஊரார் கேட்கவில்லை கேட்கவில்லை என்று சைகை காட்டக் காட்ட, அவர்களுக்காகவே ஒலியைக் கூட்டியவன்மீது, அதே ஊரார் பழி சுமத்தலாமா?

ஸ்பீக்கரைப் புதிதாய் வாங்க வேண்டியதில்லை. சட்டமும் காந்தமும் நன்றாயிருந்தபடியால், தாளையும் காயிலையும் மட்டும் மாற்றினாற் போதும் எனப் பாய் கூறினார். அதற்குரிய தாள் வந்துசேரும்வரை, தம்மிடமிருந்த பழைய 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றைப் பொருத்தித் தந்தார். இரண்டு திருமண வரவேற்புகளும் தடையின்றி நடந்தேறின. செலவைப் பங்குப் பேரவையில் வைத்தோம். நிகழ்ச்சி திருவிழாவிற்கு உரியது. ஆதலின் பாதியைத் திருவிழாக் கணக்கிலிருந்து தருவது என முடிவாயிற்று. மறு பாதியைப் பாடற்குழுவினர் எல்லாரும் சமமாகப் பகிர்ந்தனர். பாஸ் வாசித்தவனுக்கு ஏனையோரைவிட ஒரு ரூபாயும் கூடுதலாக விழவில்லை. தோடு, அதற்குரிய காதிலேயே இருக்கின்றது.

ஆயினும் அவ்விளைஞன் இரண்டு மாதங்கள் பாடற்குழுவின் பக்கம் வரவில்லை. பழி நீங்கினும் பழியின் வடு உடனே நீங்குவதில்லை. உரிமையாளரே ஒரு ஞாயிறன்று அவன் வீட்டிற்குச் சென்று, "வா தம்பி, எப்படி மாட்டணும்னு நானும் கத்துக்கிட்டேன்" என்று அழைத்து வந்தார். இன்று இருவரும் ஒரே மேடையில் நிற்கின்றனர். ஆனால் வெவ்வேறு பெட்டிகளில்.

பாடற்குழுக்களுக்குச் சில குறிப்புகள்

நம் பங்கில் இப்போது பின்பற்றும் முறை எளியது. பாஸ் கிட்டாரின் வயரை டி.ஐ. பாக்ஸ் என்னும் கையடக்கப் பெட்டியில் செருகுகின்றோம். அது கிட்டாரின் மெல்லிய மின்னோட்டத்தை நெடுந்தூர வயரில் இரைச்சலின்றிச் செல்லத்தக்கதாக மாற்றி, சவுண்டு செட்டின் மிக்சருக்கு அனுப்புகின்றது. அங்கிருந்து தரையில் வைக்கப்படும் 15 அல்லது 18 அங்குலப் பெரிய பெட்டிகள் அடிக்குரலை முழக்குகின்றன. சவுண்டு செட் வாடகைக்குப் பேசும்போதே, 'பாஸ் கிட்டார் உண்டு, தரைப்பெட்டி வேண்டும்' என்று சொல்லிவிடுதல் வேண்டும். மரத்திற் கட்டும் பழைய கூம்பு ஒலிபெருக்கிகள் பேச்சுக்கு உதவுமேயன்றி இதற்கு உதவா. வாசிப்பவர் தம் ஒலியைத் தாம் கேட்க, மேடையில் அவரை நோக்கி ஒரு மானிட்டர் பெட்டி இருத்தல் நலம். தம் ஒலி தமக்குக் கேளாதவர் கூட்டிக்கொண்டே போவது இயல்பன்றோ?

டி.ஐ. பாக்ஸும் தரைப்பெட்டியும் கிட்டாத சிற்றூர்களில், கீபோர்டுக்கென விற்கப்படும் ஆம்ப்ளிபயர் ஓரளவு உதவும். கீபோர்டும் தாழ்ந்த சுரங்களைத் தருவதால் அது அதற்கேற்பவே அமைந்திருக்கும். கிட்டார் ஆம்ப்ளிபயர் ஒன்றுதான் உண்டெனில், அதிலும் வாசிக்கலாம். ஆனால் எல்லை அறிந்து வாசிக்க வேண்டும். வீட்டில் பயிலவும், ஓரிருவர் பாடும் சிறு செபக்கூட்டத்திற்கும் அது போதும். பெட்டியிலுள்ள 'பாஸ்' குமிழைக் குறைத்து, 'மிடில்' குமிழைச் சற்றுக் கூட்டினால், தாளின் அசைவு குறையும். சுரமோ தெளிவாகக் கேட்கும். புடைப்பது போன்ற ஓசை எழுந்த அக்கணமே ஒலியைக் குறைக்க வேண்டும். அது பெட்டியின் முறையீடு. ஐந்து தந்தியுள்ள பாஸ் கிட்டாரில் ஐந்தாம் தந்தி நொடிக்கு 31 முறையே அதிர்வதால், அதனைக் கிட்டார் பெட்டியில் தொடாதிருத்தல் நலம். டிரம்ஸோடு சேரும் மேடைக்கு அப்பெட்டியைக் கொண்டு செல்லவே கூடாது.

இன்னுமொன்று. அடிக்குரல் சுவர்களை எளிதிற் கடந்து செல்வது. பாடகரின் குரல் கேளாத தெருவிலும் பாஸின் அதிர்வு கட்டில்வரை வந்து சேரும். தொட்டிற் குழந்தையும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், நோயாளியும் நமக்கு அடுத்த வீட்டினரே. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிகளைத் தடுக்கின்றன. விழாக்களுக்கென ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். சரியான பெட்டி கிடைத்துவிட்டது என்பதற்காக அதனை முழுவதும் திருகிவைக்க வேண்டுவதில்லை. உரிய பெட்டியின் சிறப்பே, அது கத்தாமல் கேட்கச் செய்வதுதான்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை இசைக்கருவி கேட்கும்போது, கருவியின் விலையை மட்டும் எண்ணாது, அதனை ஒலிக்கச் செய்யும் பெட்டியின் விலையையும் சேர்த்தே எண்ணுங்கள். இரண்டுக்கும் பணமில்லையெனில், ஹெட்போனில் பயிலும் வசதி இக்காலத்தில் குறைந்த செலவில் உண்டு. மேடைக்குச் சவுண்டு செட்டை நம்பலாம். இரவல் வாங்குவதாயின், 'இது எதற்கென அமைந்தது?' என்று கேட்டு வாங்குங்கள். இரவல் தருவோரும் அவ்வாறே கேட்டுத் தாருங்கள். அவ்வொரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், நம் ஊரில் ஒரு தோடு துணியில் முடியப்பட்டிராது.

சென்ற திருவிழாவில் பாஸ் தரைப்பெட்டிகளினின்று ஒலித்தது. நிகழ்ச்சி முடிந்ததும் மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, "இந்த வருஷம் பசங்க நல்லாப் பாடினாங்க சாமி, குரலு அலையவே இல்ல" என்றார். பாஸ் கிட்டாரைப் பற்றி அவர் ஒரு சொல்லும் கூறவில்லை. அப்படியொரு கருவி மேடையில் இருந்ததையும் அவர் அறிந்திரார். அருகில் நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த இளைஞன் தலை நிமிர்ந்து புன்னகைத்தான். அடிக்குரல் வாசிப்பவனுக்கு இதனினும் சிறந்த பாராட்டு வேறென்ன இருக்க முடியும்?